கடைசி ஆள் சொன்ன சைபர்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தையும் சுகம். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது உங்களுக்கும் சுகக்குறைவு வராதிருக்க வேண்டுகிறேன்.

நிற்க. வேண்டாம், உட்கார்ந்தே படியுங்கள்.

வெளியூர் கிளம்புறதுக்கு முன்னாடி, நீங்க வேலை பார்க்கிற போட்டோ ஸ்டூடியோவுல எனக்கு ஒரு வேலை கொடுத்தீங்களே. தினமும் காலையில கம்ப்யூட்டர்ல நீங்க எழுதி வெச்ச கட்டளையை, அதான் உங்க ஸ்கிரிப்ட்டை, ஓட்டணும், அது பழைய படங்களை நகல் எடுக்கும், முடிவுல வர்ற எண்ணை நோட்டுல எழுதணும். "சைபர் வந்தா நல்லது மாமா, வேற எது வந்தாலும் போன் போடுங்க"ன்னீங்க. நாப்பது நாளும் சைபர். பள்ளிக்கூடத்துல கூட நான் இத்தனை சைபர் வாங்கினதில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா, செத்துப்போன வீட்டுக்காரரோட படம் வேணும்னு வந்தாங்க. பழைய படமெல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்க் பெட்டி கண்ணே திறக்கல. முதலாளி ரெண்டு தட்டு தட்டிட்டு, "செத்துப்போச்சு. போகட்டும், நகல் இருக்கே"ன்னு தைரியமா நகலைத் திறந்தாரு. இருந்த முப்பது நாள் நகலும் உள்ளே ஒண்ணுமில்லாத வெறும் பொட்டலம்! அதுக்கு முந்தினதை உங்க ஸ்கிரிப்ட்டே பழசுன்னு அழிச்சிடுமாமே. முதலாளி என்னைப் பார்த்து, "திங்கக்கிழமை உங்க மாப்பிள்ளை வந்து படத்தை எடுத்துக் கொடுக்கணும். இல்லைன்னா வந்த வழியே போகச் சொல்லுங்க, எனக்கு வேற ஆள் கிடைக்கும்"னுட்டாரு.

பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். ஸ்கிரிப்ட்டைப் பார்த்துட்டு சிரிக்கிறான்.

"பெரியவரே, மூணு பேர் வரிசையா நின்னு வாளி கைமாத்துற வேலை இது. முதல் ஆளு படத்தை எடுக்கணும், ரெண்டாவது ஆளு அமுக்கிக் கட்டணும், மூணாவது ஆளு கொண்டுபோய் வைக்கணும். உங்க மாப்பிள்ளை மூணாவது ஆளை மட்டும் கேட்டிருக்காரு. அவன் காலி வாளியை பத்திரமா வெச்சுட்டு, 'ஆச்சு, சைபர்'னுட்டான்."

"அப்போ முதல் ஆளு?"

"படமே கிடைக்கலைன்னு நாப்பது நாளா 'ரெண்டு, ரெண்டு'ன்னு கத்தியிருக்கான். யாரு கேட்டா?"

மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு சம்மதம் கேட்டப்பவும் இதே தப்புதான் பண்ணினீங்க. கடைசியா நின்ன என் பொண்ணு சரின்னதும் கிளம்பிட்டீங்க. முதல்ல நின்ன என்னைக் கேட்டிருந்தா அப்பவே வேற எண் சொல்லியிருப்பேன்.

மெக்கானிக் உங்க ஸ்கிரிப்ட்டோட தலையில 'பைப்ஃபெயில்'னு ஒரு வரி போட்டான். இனி மூணுல யாரு சொதப்பினாலும் சைபர் வராதாம். 'பைப்ஸ்டேட்டஸ்'னு கேட்டா மூணு பேர் பதிலும் தனித்தனியா வருமாம். ஆனா உடனே பிடிச்சு வெச்சுக்கணும், அடுத்த கட்டளை ஓடினா அழிஞ்சிடுமாம். உங்க அத்தை கோபம் மாதிரி இல்ல, அது அழியவே அழியாது. இன்னைக்கு காலையில ஓட்டினேன்: ரெண்டு, சைபர், சைபர். உங்க ஸ்கிரிப்ட் முதல் தடவையா உண்மை பேசுச்சு.

செத்த பெட்டியை எழுப்ப வழி யோசிச்சுட்டு வாங்க. வழி தெரியலைன்னா வேற வேலையையும் யோசிச்சுட்டு வாங்க. இனிமேலாவது முதல் ஆளை விசாரிக்கிற புத்தி உங்களுக்கு வரட்டும்னு வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: ஸ்டூடியோவுல உட்கார்ந்து கவரை ஒட்டப் போனப்போ பேனா மேஜைக்கு அடியில உருண்டுச்சு. குனிஞ்சு பார்த்தா பெட்டியோட பிளக் தரையில கிடக்கு. அது இருக்க வேண்டிய இடத்துல என் டேபிள் ஃபேன். வெக்கை தாங்காம நாப்பது நாளைக்கு முன்னாடி நான்தான் மாத்தியிருக்கேன். பெட்டியை சொருகிப் பார்த்தேன், அந்த அம்மாவோட வீட்டுக்காரர் உட்பட எல்லாரும் பத்திரம். உடனே பிடுங்கிட்டேன். திங்கக்கிழமை வந்து, முதலாளி பார்க்க ரெண்டு மணி நேரம் எதையாவது தட்டுங்க. அவர் டீ குடிக்கப் போனதும் குனிஞ்சு சொருகிட்டு, நெத்தி வேர்வையைத் துடைச்சுக்குங்க. நான் வாயே திறக்க மாட்டேன். அதுவரைக்கும் ஃபேன் எனக்குத்தான்.