ஆய்வில் உள்ள குழி

கடை வாசலில் இருந்த குழிக்குள் இன்னொரு ஆளும் கால் விட்டுவிட்டுத் தையல்காரரை முறைத்தார், அவர்தான் வெட்டி வைத்தது போல.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். சீருடைத் தையலை நம்பித்தான் அவர் வீட்டில் வருஷம் பூரா அடுப்பு எரிகிறது. அதனால் காலையிலேயே நகராட்சிக்குப் போய் மனு கொடுத்தார். அப்படியே நூலும் பொத்தானும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினால், குழியைச் சுற்றித் தடுப்பு. ‘ஆய்வுக் குழு பார்க்கும்வரை தொடாதீர்’ என்று ஒரு பலகை. காலையில் சட்டி மாதிரி உருண்டையாக இருந்த குழி இப்போது சதுரமாக, விளிம்பெல்லாம் சீவி விட்டாற்போல் இருந்தது. நகராட்சிக்கு இவ்வளவு வேகமா என்று நெகிழ்ந்துபோனதில் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தடுப்பு பாதி வாசலை அடைத்தது. கொஞ்சம் நகர்த்தச் சொல்லிக் கெஞ்சினார். அதைப் பார்க்கக் குழுவே நேரில் வந்துவிட்டது. வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமே, மனுதாரர் கடைதான் வசதி என்று முடிவானது. துணி வெட்டும் மேசை கூட்ட மேசையாயிற்று. அளவு கொடுக்க வந்த பிள்ளைகளைக் கருத்துச் சொல்ல வந்த பொதுமக்கள் என்று வரிசையாக உட்கார வைத்தார்கள்.

"மனு கொடுத்தீங்களா, வம்பை விலைக்கு வாங்கினீங்களா?" என்றாள் மனைவி.

ரோஷம் வந்து அவரே ஒரு கூடை மண்ணைக் குழியில் கொட்டினார். ஆய்வுப் பொருளைச் சிதைத்துவிட்டார் என்று குழுத் தலைவி பதறிப்போனார். கொட்டியவரையே அள்ள வைத்தார்கள். ஆத்திரத்தில் அவர் கொஞ்சம் கூடுதலாகவே அள்ளிவிட்டார். குழி ஆழமாகிக்கொண்டே போவது கவலைக்குரியது என்று குழு பதிவு செய்துகொண்டது.

கடைசியில், மனுவே வேண்டாம், திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று தலைவி முன்னால் போய் நின்றார்.

"யாராவது மிரட்டினாங்களா?" தலைவி கனிவாகக் கேட்டார்.

"இல்லம்மா. பொழப்பு போகுது."

"பயப்படாதீங்க. உங்களை மிரட்டினது யாருன்னு விசாரிக்கத் தனியா ஒரு குழு போட்டுடலாம்."

இரண்டாவது குழுவுக்கு நாற்காலி போட்டதில் தையல் இயந்திரம் தெருவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று, வேறு கடையில் தைத்த சீருடையோடு பிள்ளைகள் அவரைத் தாண்டிப் போனார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அறிக்கையும் வந்தது. தீர ஆராய்ந்ததில், குழியை மூடலாமாம். குழுவினர் தங்களுக்குள் கைகொடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பிறகு மண்வெட்டியோடு ஒரு சாலைப் பணியாளர் வந்தார். தையல்காரர் ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்குள் குழியை மூடி, மிதித்துச் சமன் செய்துவிட்டார்.

"இவ்வளவுதானா வேலை? இதை நான் மனு கொடுத்த அன்னைக்கே செஞ்சிருக்கக் கூடாதா?" தையல்காரர் ஊசியும் கையுமாக எழுந்து வந்தார்.

பணியாளர் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு மத்தியானமே மூடிட்டேனேங்க. குழு பாக்க வருது, குழி இல்லாட்டி எதைப் பாக்குறதுன்னு சத்தம் போட்டாங்க. அதான் திரும்ப நல்லா சதுரமா தோண்டி வெச்சேன்."