அருளுக்கு எதுக்கு ஒயர்?

மாடிப்படி முழுக்கக் கூட்டம். ஒருவர் கையில் கீபோர்டு. இன்னொருவர் மானிட்டரைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருக்கிறார். எதிர்க் கட்டிடத்து வக்கீல் தன் செல்போனை வெள்ளைக் கைக்குட்டையில் ஏந்தி நிற்கிறார். படித்தவர் அல்லவா, பயபக்தி கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

எல்லாரும் வந்தது சிக்னல் சாமியைப் பார்க்க. அவர் கண்ணை மூடினால் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்குமாம். செத்த ஹார்டுடிஸ்க்குக்கு உயிர் கொடுத்தாராம். வைரசோடு சமாதானம் பேசி அனுப்பி வைத்தாராம். நேரில் பார்த்தவர் யார்? யாருமில்லை. பார்த்தவரைப் பார்த்தவர்கள் மட்டும் ஊர் முழுக்க இருந்தார்கள்.

சாமி கொலுவிருந்தது, பாடப்புத்தகங்களை டைப் செய்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில். அங்கே மேசைக்கு மேசை ஒரு சின்னப் பெட்டி. தின் கிளையன்ட் என்பார்கள். உள்ளே ஹார்டுடிஸ்க்கே கிடையாது. அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். காலையில் பொத்தானை அமுக்கியதும், "என் முகவரி என்ன?" என்று ஒயர் வழியாகக் கேட்கும். உள்ளறையில் இருக்கும் சர்வர் முகவரியைச் சொல்லி, பெட்டி ஓடத் தேவையான லினக்ஸையும் அனுப்பி வைக்கும். முதலாளியின் தங்கை செய்து கொடுத்த ஏற்பாடு இது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நன்றாக ஓடினால் முதலாளிக்குத் தாங்குமா? கண் பட்டுவிடும் என்று பயந்து சாமியைக் கூப்பிட்டார். சாமி வந்து, சிவப்புத் துணி சுற்றிய ஒரு 'கவசப் பெட்டி'யை உள்ளறை அலமாரியில் வைத்தார். அதிலிருந்து ஓர் ஒயர் கரண்டுக்கு. இன்னோர் ஒயர் நெட்வொர்க்குக்கு.

அன்றைக்குப் பிடித்தது சனி. சாமி வாரா வாரம் வந்து கவசத்தில் கை வைத்து ஆசி கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள் காலை ஒரு பெட்டியும் எழுந்திருக்காது. ஓடிப்போய்ச் சாமியைக் கூட்டி வருவார்கள். சாமி துணிக்குள் கையை விட்டு முணுமுணுப்பார். பெட்டிகள் எழுந்துவிடும். வந்ததற்கும் காணிக்கை, எழுப்பியதற்கும் காணிக்கை.

"சாமி மட்டும் ஆசி குடுக்காம இருந்தா நம்ம கதி என்ன ஆகியிருக்கும்!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார் முதலாளி. எப்படி இருக்கிறது கணக்கு?

ஜன்னலோர மேசைப் பெண் மட்டும் ஒருநாள் கேட்டுவிட்டாள். "சாமி, அருளுக்கு எதுக்கு ஒயர்? கரண்டு வேற எதுக்கு?"

சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். மவுஸ் அவளது இடது கையில் இருந்தது.

"அதானே பாத்தேன். தோஷமே இந்த இடது கைதான். காலைல மொதல்ல பொத்தானை அமுக்குறது யாரு?"

"நாந்தான். நாந்தானே மொதல்ல வர்றேன்?"

"கேட்டீங்களா? இவ இருக்கிற வரைக்கும் இந்த இடம் உருப்படாது."

நேரத்தோடு வேலைக்கு வருவதும் குற்றமாகிவிட்டது. இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார் முதலாளி. அவள் கணவன் வேலை போய் வீட்டில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. "சார், வேணும்னா இனிமே வலது கையாலயே அமுக்குறேன் சார்" என்று அவள் கெஞ்சினாளாம். கூட வேலை செய்தவர்களோ, நாற்காலியை அவளிடமிருந்து சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

விஷயம் வெளியூரில் இருந்த தங்கைக்கு எட்டியது. அவள் வந்து இறங்கிய காலையில்தான் மாடிப்படியில் அந்தக் கூட்டம். வழக்கம்போலப் பெட்டிகள் படுத்திருந்தன.

"என்னண்ணா இது? ஆபீசா, குறி சொல்ற எடமா?"

"மெதுவாப் பேசு. சாமி காதுல விழப்போகுது."

"விழட்டும். சாமி, இன்னிக்கு உள்ள போகாதீங்க. இந்த ஹால்லயே உக்காந்து எழுப்புங்க பாப்போம்."

சாமிக்கு வியர்த்தது. "கவசத்தத் தொடாம மந்திரம் பலிக்காதும்மா."

"எங்கயோ இருக்கிற வைரசோடயே பேசுறீங்க. பக்கத்து ரூம் எட்டாதா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சாமி கண்ணை மூடினார். முணுமுணுத்தார், பிறகு கத்தினார். ஆளுக்கொரு பொத்தானை அமுக்கிப் பார்த்தார்கள். திரையெல்லாம் கருப்பு.

"அந்த எடது கைக்காரி இங்க நிக்கிறாளே, எப்படி வரும்?"

"அக்கா, கொஞ்சம் கீழ தெருவுல போய் நில்லுங்க" என்றாள் தங்கை.

அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். சாமி தொண்டை கிழியக் கத்தினார். அப்போதும் கருப்புதான்.

தங்கை உள்ளே போய்க் கவசப் பெட்டியின் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தாள். "அக்கா, மேல வாங்க! எல்லாப் பெட்டியையும் நீங்களே போடுங்க. இடது கையால."

அவள் முதல் பெட்டியின் பொத்தானில் இடது கையை வைத்து அமுக்கினாள். திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடி, லினக்ஸ் வந்து நின்றது. அடுத்த மேசையிலும் வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. மொத்த ஹாலும் எழுந்துவிட்டது.

"இப்ப அந்த ஒயரைத் திரும்பச் சொருகுறேன். சாமி, ஒரு பெட்டிய அணைச்சிட்டு உங்க வலது கையால போடுங்க."

சொருகிவிட்டு வந்தாள். சாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதலாளியே ஒரு பெட்டியை அணைத்து, அந்தக் கையை இழுத்துப் பொத்தானை அமுக்க வைத்தார். திரை கருப்பாகவே நின்றது. புனிதமான வலது கை, பாவம், என்ன செய்யும்?

தங்கை சிவப்புத் துணியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பழைய ரவுட்டர், பக்கத்தில் ஒரு சுவிட்ச்.

"பெட்டிங்க முகவரி கேக்கும்போது, சர்வருக்கு முந்திக்கிட்டு இது ஒரு தப்பு முகவரியக் குடுத்துடுது. ஏற்கனவே ஓடுற பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது. மறுநாள் காலைல போடும்போதுதான் மாட்டும். ஆசி குடுக்குற சாக்குல சுவிட்சப் போடுவாரு, எழுப்புற சாக்குல அணைப்பாரு. இவரு அருள் இவ்வளவுதான்."

சாமி நைசாக வாசல் பக்கம் நழுவினார். முதலாளி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு ஜன்னலோர மேசைப் பெண்ணிடம் வந்து, "நீ எங்கயும் போக வேணாம்மா. தப்பு என்னுதுதான்" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இத்தோடு எல்லாருக்கும் புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கூட்டத்திலிருந்து ஒரு பேங்க் மேனேஜர் கைகூப்பிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"அம்மா, உங்க இடது கை ராசியான கை போலிருக்கு. எங்க பிரிண்டர் ரெண்டு நாளா ஓடல. வந்து ஒரு தடவை தொட்டுட்டுப் போங்களேன்."

அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசையே நின்றுவிட்டது.

"தொடறது இருக்கட்டும் சார். அதுல பேப்பர் இருக்கான்னு பாத்தீங்களா?"

மேனேஜர் கூப்பிய கையை இறக்கவில்லை.

"கும்பிட்டது போதும், போய்த் தெறந்து பாருங்க" என்றாள் அவள். "நான் பிரிண்டரை மட்டும் சொல்லல சார்."