போக மறுத்த மோடா

"புஷ்பா! கொஞ்சம் வா, எந்திரிக்கணும்!"

அன்று காலையில் இது மூன்றாவது முறை. ஹாலின் நடுவே, முழங்கால் இரண்டும் காதருகே வந்து நிற்க, நாகலிங்கம் மோடா என்கிற அந்தக் குட்டை இருக்கையில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே போயிருந்தார்.

புஷ்பா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். கணவரின் இரண்டு கைகளையும் பிடித்து, மோடாவின் விளிம்பில் ஒரு காலை அண்டக் கொடுத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல நாகலிங்கம் மேலே வந்தார். இடுப்பில் 'மளுக்' என்றது. புஷ்பா தன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிங்க இருக்கு?"

"மெத்துமெத்துன்னு இருக்கு போ. இதுல ஒக்காந்தா எந்திரிக்கவே மனசு வரல!"

மனசு வரத்தான் செய்தது. உடம்புதான் வரவில்லை.

அந்த மோடா அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் புஷ்பா தன் கையால் செய்து கொடுத்த பரிசு. பைசா செலவில்லை. அவருடைய ஸ்கூட்டர் கழித்துப்போட்ட டயர். அந்தமானில், திக்லிபூரை அடுத்த காலிப்பூர் கடற்கரையில் அலை கொண்டுவந்து போட்ட மீன்வலைக் கயிறு. உள்ளே அடைக்கத் தேங்காய் நார். பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் மிதந்து வந்த ஒற்றைச் செருப்புகளை வெட்டி, வண்ண வண்ணமாக 'நாகலிங்கம்' என்று சுற்றிலும் தைத்திருந்தாள். ஊர்பேர் தெரியாத அத்தனை பேர் கால்பட்ட செருப்பும் சேர்ந்துதான் அவர் பெயர்.

அடியில் எனாமல் பெயிண்டில் மறுபடி பெயர், குவார்ட்டர்ஸ் நம்பர், அவருடைய மொபைல் நம்பர். திக்லிபூர்க்காரர்கள் கப்பலேறிப் பழகியவர்கள். மெயின்லேண்டுக்குப் போகிற மூட்டையோ, போகாத மூட்டையோ, பெயரும் நம்பரும் எழுதாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. அந்தக் கயிற்றில் எந்தக் காலத்திலோ மாட்டிய சூரை மீன் இன்னும் அங்கேயே குடியிருந்தது.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. மகள் கார்த்திகா கல்லூரிக்கென்று மெயின்லேண்டுக்குக் கப்பலேறிய பிறகு, புஷ்பா இரண்டு மாதம் வாய்திறந்து பேசவில்லை. தட்டு மூன்று எடுத்து வைப்பாள், ஒன்றைத் திருப்பி வைப்பாள். பிறகு போனில் வீடியோ பார்த்து ஏதேதோ செய்ய ஆரம்பித்தாள். பாட்டில்கள் விளக்காயின. அவருடைய பேன்ட்டுகள் திரைச்சீலையாயின. மோடாவை முடித்த அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நாகலிங்கம் முள்ளின்மேல்கூட உட்காருவார். ஒரே வித்தியாசம், முள்ளிலிருந்து அவராகவே எழுந்துவிடலாம்.

ஆகவே, மோடா போக வேண்டும். புஷ்பா மனம் நோகக் கூடாது. திருடு போவது ஒன்றே வழி.

மறுநாள் கருக்கலில், வாக்கிங் போகிற பாவனையில், மோடாவை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். பஸ் ஸ்டாண்டில் போர்ட் பிளேயர் பஸ் ஆளில்லாமல் நின்றது. கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, நல்ல பிள்ளையாக வீடு திரும்பினார்.

"ஏங்க, மோடாவக் காணோமே!" என்றாள் புஷ்பா.

"ஐயையோ! எவனோ திருடிட்டானா?"

"எந்த மகராசன் எடுத்துட்டுப் போனானோ தெரியலையே."

பாவி என்று சொல்லவேண்டிய இடத்தில் மகராசன் என்கிறாள். துக்கத்தில் வார்த்தை குழறுகிறது என்று நாகலிங்கம் பரிதாபப்பட்டார். மத்தியானம் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். அதுவும் துக்கம்தான் என்று நினைத்தார்.

சாப்பிட்டு எழுந்தபோது போன் அடித்தது. அவர் கை கழுவிக்கொண்டிருந்ததால் புஷ்பாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் கண்டக்டர் விஜயன் பேசுறேன், பாராடாங்லேருந்து. ஃபெர்ரிக்கு எல்லாரும் எறங்கினாங்க, ஒரு டயர் மட்டும் எறங்கல. யாரு சாமான்னு போலீஸு விசிலடிச்சு, மொத்தப் பஸ்ஸையும் தள்ளி நிக்க வச்சுட்டாங்க. கவுத்துப் பாத்தா ஒங்க நம்பர் இருக்கு. ஒங்களுதுதானா?"

புஷ்பா கணவர் முகத்தைப் பார்த்தாள். கணவர் புஷ்பா முகத்தைப் பார்த்தார்.

"ஆமா," என்றாள் மெல்ல, "எங்களுதுதான்."

"கெடச்சிருச்சா!" என்று நாகலிங்கம் துள்ளினார். துள்ளியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் விஜயன் மோடாவைத் தலையில் சுமந்து வந்து, நடுஹாலில் வைத்தான். "நல்லவேளை, நம்பர் எழுதினீங்கக்கா. எழுதினவங்க கைக்கு வளையல்தான் போடணும்!"

புஷ்பாவின் கண் கலங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று நாகலிங்கம் குறித்துக்கொண்டார். அவளுக்காக உடனே மோடாவில் உட்கார்ந்தும் காட்டினார். எழுப்ப விஜயனும் கைகொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து நல்ல மழை. ஆபீஸிலிருந்து நனைந்து வந்தவர், மோடா கொல்லைப்பக்கம், குப்பைக் குழியை ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தார். வெயிலில் காயப் போட்டவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அப்படியே விட்டுவிட ஆசைதான். ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருந்து தொலைத்தது. நனைந்து இரட்டிப்பு எடையாகியிருந்ததை முக்கி முனகி உள்ளே தூக்கி வந்தார்.

"உள்ள கொண்டாந்துட்டீங்களா?" என்றாள் புஷ்பா.

"நீ ஆசையாச் செஞ்சது. நனைய விடுவேனா?"

அவள் திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று நாகலிங்கம் நினைத்தார். அடுப்படியில் ஒரு பாத்திரம் சற்று வேகமாக வைக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை, "மீன் வாடை வருதுல்ல, கடல்ல அலசிக் கொண்டாரேன்," என்று கிளம்பினார். கடல் உள்வாங்குகிற நேரமாகப் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று, மோடாவை ஒரே தள்ளு. கைக்குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதுபோல அலை அதை வாங்கிக்கொண்டு போயிற்று. ஈரவேட்டியோடு வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"அலை இழுத்துட்டுப் போயிருச்சு புஷ்பா. எவ்வளவோ நீந்திப் பாத்தேன்."

"விடுங்க. கடலம்மா கேட்டா குடுத்துரணும்."

என்ன பக்குவம்! தன் துக்கத்தை விழுங்கிக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்கிறாளே என்று அவருக்கே அழுகை வந்தது.

டயரும் தேங்காய் நாரும் சேர்ந்தால் படகு என்பதை அவர் யோசிக்கவில்லை. பர்மாச் செருப்பைத் தேடிக்கொண்டுவந்து கொடுக்கிற கடல், திக்லிபூர் மோடாவை வைத்துக்கொள்ளுமா? திங்கட்கிழமை காலையில் இரண்டு மீனவர்கள் வாசலில் நின்றார்கள். மோடாவில் சிப்பி ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு நண்டு இருந்தது. எனாமல் பெயிண்டில் ஒரு எழுத்துகூட அழியவில்லை.

புஷ்பா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மீனவர்களுக்கு டீயும் முறுக்கும் கொடுத்து, நாகலிங்கம் நன்றி சொன்னார். குரல் நடுங்கியது. நண்டு அதற்குள் அவர் விரலைப் பிடித்திருந்தது.

கடைசி ஆயுதம் பக்கத்து வீட்டு மண்டல். வங்காளி, நல்ல மனிதர், கொடுத்ததை மறுக்கத் தெரியாதவர்.

"மண்டல் தாதா, ஏ ஆப்கே லியே, ஒங்களுக்குத்தாண்ணே," என்று மோடாவை நீட்டினார். மண்டலின் மனைவி கன்னத்தில் கைவைத்து மகிழ்ந்துபோனாள்.

"நீ செஞ்சது ரொம்ப அழகா இருக்குன்னு அந்தம்மா ஒரே கெஞ்சல். மறுக்க முடியல புஷ்பா," என்றார் வீட்டுக்கு வந்து.

"குடுத்துட்டீங்களா? நெசமாவா?" அவள் முகத்தில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பின் ஒரு கீற்று வந்தது. தானம் கொடுத்த திருப்தி என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்றிரவு இருவரும் பாயில் சம்மணமிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

ஒரு வாரம். சரியாக ஒரே வாரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டலும் மனைவியும் வாசலில் வந்து நின்றார்கள். மண்டல் கையில் மோடா. அவர் மனைவி கையிலும் மோடா.

"நாகலிங்கம் பாய், பேர் போட்ட சாமானை நாங்க எப்படி வச்சுக்கிறது?" என்றார் மண்டல் தனக்குத் தெரிந்த தமிழில். "மாதிரி பாத்து எங்க வீட்ல இன்னொண்ணு பண்ணிட்டா. ஆப்கேலியே கிஃப்ட். இப்ப ஜோடி!"

இரண்டாவது மோடாவில் செருப்பு எழுத்துகளில் 'புஷ்பா' என்று தைத்திருந்தது. அடியில் நம்பரும் இருந்தது. புஷ்பா அதைப் பார்த்தாள். நாகலிங்கம் புஷ்பாவைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், இருவரும் ஆளுக்கொரு மோடாவில் உட்கார்ந்து காட்டினார்கள். மண்டல் தம்பதி கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, எழுப்பிவிட ஆளில்லை என்று.

இனிப் பொறுப்பதற்கில்லை. மறுநாள் பொழுது விடியுமுன்னே, வாக்கிங் என்று மெல்லச் சொல்லிவிட்டு, இரண்டு மோடாவையும் ஸ்கூட்டரில் முன்னொன்று பின்னொன்றாகக் கட்டினார். நடுவில் தானும் ஒரு மோடாபோல உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டினார். பஸ் படியில் விஜயன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"விஜயா, ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன்." ஐநூறு ரூபாய் நோட்டை அவன் சட்டைப்பையில் திணித்தார். "இது ரெண்டையும் போர்ட் பிளேயருக்குக் கொண்டுபோ. ஆருக்காவது குடு, எங்கயாவது போடு. நம்பரப் பாத்து எவன் போன் பண்ணாலும் எடுக்க மாட்டேன். ஒங்க அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிரும்."

விஜயன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். மோடாக்களைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். நோட்டை எடுத்து, நான்காக இருந்த மடிப்பை நீவி, அவர் கையிலேயே திருப்பி வைத்தான்.

"ரெண்டுக்கும் நேத்தே லக்கேஜ் டிக்கெட் போட்டாச்சுண்ணே. இன்னிக்கு நீங்க வாக்கிங் போற நேரமாப் பாத்து வந்து எடுத்துக்கச் சொல்லி அக்காதான் காசு குடுத்தாங்க. அவருக்கு மட்டும் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிரும்னு சொல்லி அழுதாங்க."