கத்தியால் கொத்திய கால் கிலோ

“இல்லைங்க, இப்பதான் சாப்பிட்டு வந்தேன்” என்றார் தையல்காரம்மா.

கறிக்கடைக்காரர் நீட்டிய பர்கர் நீட்டியபடியே நின்றது. அதன் வாசனைக்குப் பக்கத்துத் தெருவில் படுத்த படுக்கையாய்க் கிடந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடியதாகக் கேள்வி. தையல்காரம்மாவோ கொத்துக்கறிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

“நல்லாத்தானேடா இருந்தே! எதுக்கு இந்த வேண்டாத வேலை?” என்றாள் கல்லாவில் இருந்த கறிக்கடைக்காரரின் அக்கா.

நல்லாத்தான் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் தையல்காரம்மா வருவார். “கால் கிலோ. கத்தியாலேயே பொடிப்பொடியா கொத்திக் குடுங்க. அவசரமே இல்ல” என்பார். கறிக்கடைக்காரர் கொத்துவார், இவர் பேசுவார். இடுப்பு பிடிக்காத கால்சட்டை, பித்தான் தெறித்த மாப்பிள்ளை என்று ஊர் வம்பெல்லாம் வரும். பேச்சு நீள நீளக் கத்தி மெதுவாகும். அது ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு முழுக்கைச் சட்டையே தைத்துவிடலாம்.

இருவருமே தனிக்கட்டை. ‘இனிமே நாம ஒரே வீட்டுல இருந்தா என்ன?’ என்ற கேள்வி ஒவ்வொரு சனிக்கிழமையும் கறிக்கடைக்காரரின் தொண்டைவரை வந்து, எட்டிப் பார்த்து, பயந்து உள்ளே ஓடிவிடும்.

பாவம், கால் கடுக்க நிற்கிறாரே, உட்காரவைத்து ஏதாவது கொடுத்தால் நிதானமாகக் கேட்டுவிடலாமே என்றுதான் பெஞ்சு வாங்கினார். அடுப்பு வாங்கினார். பன் வாங்கினார். பர்கருக்கு நிறையக் கொத்துக்கறி வேண்டுமென்று மெஷினும் வாங்கினார்.

அங்கேதான் வினை. அந்த மெஷின் கால் கிலோவை ஒரு தும்மலுக்குள் அரைத்துத் தள்ளியது. “மழை வரும் போல…” என்று தையல்காரம்மா ஆரம்பிப்பதற்குள் பொட்டலம் கையில் இருந்தது.

“பர்கர் கனமா இருக்குமோ என்னவோ” என்று யோசித்து, அடுத்த வாரம் கோழி சாண்ட்விச் நீட்டினார்.

“பல்லு வலிங்க.”

அதற்கடுத்த வாரம் ஓரமெல்லாம் வெட்டி, பஞ்சாட்டம் ஒரு சாண்ட்விச்.

“வயிறு ஒரு மாதிரி இருக்குங்க.”

தையல்காரம்மாவைத் தவிர ஊரே தின்றது. வரிசை கடைவாசலில் ஆரம்பித்து, தெருமுனையில் திரும்பி, வந்த வழி மறந்து மறுபடி கடைக்கே வந்தது. அந்தக் கூட்டத்தில் அவர் தலை தெரியவில்லை.

கூட்டத்தை விரட்டக் கறிக்கடைக்காரர் மிளகாயை அள்ளிக் கொட்டினார். கண்ணீர் வழிய, “இதுதான்யா பர்கர்!” என்று இன்னொன்று கேட்டார்கள். கடைசியில், “நீங்க வரிசையில நிக்காதீங்க. பொட்டலம் தயாரா இருக்கும், கைய நீட்டுனா போதும்” என்று தையல்காரம்மாவுக்குத் தனி ஜன்னலே திறந்தார்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். “ரொம்ப வசதிங்க” என்றார், குரலே எழும்பாமல். அதோடு வரவேயில்லை.

சனிக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. ஜன்னல் திறந்தே கிடந்தது. கறிக்கடைக்காரர் பன்னைப் புரட்டுகிறேன் என்று தன் விரலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“மூடித் தொலைடா, காத்து வருது” என்றாள் அக்கா.

“வருவாங்கக்கா.”

“உன் கறி பிடிக்கலையோ என்னவோ.”

அந்த வார்த்தை வெட்டுக்கத்தியைவிட ஆழமாக இறங்கியது. இத்தனை காலமும் கறிக்காகத்தான் வந்தாரா? இப்போது அதுவும் இல்லையா?

அப்போது தையல்காரம்மாவின் பக்கத்து வீட்டு லாண்டரிக்காரர் தன் நாயை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒருகாலத்தில் வாசற்படியில் புரள முடியாமல் புரளும் குண்டன் அது. இப்போது தோல் மட்டும் இரண்டு அளவு பெரிதாய்த் தொங்கியது.

“அண்ணே, தையல்காரம்மாவுக்குக் கறி குடுக்கிறத நிறுத்திட்டீங்களா?”

“நான் எங்கய்யா நிறுத்தினேன்? அவங்கதான் வர்றதில்ல. வேற கடையில வாங்கிச் சாப்பிடுறாங்களோ என்னவோ.”

“சாப்பிடுறதா? அவங்க பொறந்ததுலேர்ந்து கறியைத் தொட்டதே இல்லையே! உங்க பொட்டலமெல்லாம் வாராவாரம் இவன் வயித்துக்குள்ளதாண்ணே போச்சு!”