304-ஆம் அறையின் மஞ்சள் மூடி

2.3.2025, ஞாயிறு, மாலை 4:10. சிகரெட் பதினொன்று, பிஸ்கட் பாக்கெட் நான்கு, ரொட்டி ஒரு முழுசு. இன்றைக்கு மட்டும்.

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மச்சான் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்கள், அக்கா, குட்டி மூவரும் நலம் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன், மரியாதை வாக்கியங்களுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. போனில் சொல்லலாமே என்பீர்கள். ஸ்பீக்கரில் போடாமல் உங்களுக்குப் பேசத் தெரியாது, பக்கத்தில் அக்கா நிற்பாள். அதனால்தான் உங்கள் கடை முகவரிக்குக் கடிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள். அவளுக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது.

என் வேலை உங்களுக்குத் தெரியும்: கட்டிடங்களில் தீ எச்சரிக்கை மணி ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்ப்பது. சோதிக்கும்போது பேனலை டெஸ்ட் மோடில் போடுவோம், முடிந்ததும் எடுத்துவிடுவோம். அந்த மோடில் மணி ஒரு நொடி அடித்துத் தானே நின்றுவிடும்; எடுக்க மறந்தால் கட்டிடமே பற்றி எரிந்தாலும் அவ்வளவுதான். நான் மறந்ததே இல்லை. ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் 'எடுத்தேனா?' என்று நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கும். இறங்கித் திரும்பிப் போவேன். எடுத்திருப்பேன். ஒரு துணிக்கிடங்குக்கு ஒரே சாயங்காலம் மூன்றாவது தடவை போய் நின்றபோது வாட்ச்மேன், "பொண்ணு பேரைச் சொல்லுப்பா, நானே கூப்பிட்டு விடுறேன்" என்றார். பேனலைப் பார்க்கணும் என்றேன். நம்பவில்லை.

ரூமுக்கு வந்தால் வாய் சும்மா இருக்காது. பசி இல்லை அத்தான், பசியென்றால் ஒரு இடத்தில் நிற்குமே. பாக்கெட்டைக் கிழித்தது தெரியும், அப்புறம் காலிக் கவர்தான் தெரியும், நடுவில் தின்றது யாரென்றே தெரியாது. அதுக்கு ஒரு வெட்கம், வெட்கத்துக்கு ஒரு சிகரெட், சிகரெட்டால் படபடப்பு, படபடப்புக்கு ரொட்டி. சிகரெட்டை நிறுத்திப் பார்த்தேன், பேன்ட் பொத்தான் பறந்தது. தீனியை நிறுத்தினேன், மாடிப்படி ஏறும்போது பழைய லாரி மாதிரி இருமினேன். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி ஆஸ்பத்திரியில் முடிந்தது. இதயம் நல்லா இருக்கு, ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று டாக்டர் நம்பர் கொடுத்தார். நம்பர் பத்திரமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் போன வாரம் ஆண்டுச் சோதனைக்கு ஒரு கட்டிடம் போகச் சொன்னார்கள். முகவரிச் சீட்டு என்னிடம் இல்லை, வாசலில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, நான் குடியிருக்கும் விடுதி. கூட வந்தவன் ஏணி (ஆறடி மூன்றங்குலம், அதனால் அந்தப் பெயர்). ஒவ்வொரு ரூமாகத் திறந்து, கம்பு நுனியில் புகையைக் காட்டினால் மணி அடிக்கணும். 303 வரைக்கும் அடிச்சுது. 304 என் ரூம். அடிக்கலை. கூரையில் புகையைக் கண்டுபிடிக்கிற புது டிடெக்டரில் தூசி படாமல் இருக்க ஒரு மஞ்சள் மூடி போட்டு வரும், அதைக் கிடங்கிலிருந்து கொண்டு வந்து நானே மாட்டி வச்சிருந்தேன், சிகரெட்டை ரூமிலேயே பிடிக்கலாமேன்னு.

"எவன்டா இந்த அறிவாளி? இந்த மூடி நம்ம ஆளுங்ககிட்டதானே இருக்கும்?"

"தெரியலையே."

"கொடியில நம்ம கம்பெனி சட்டை தொங்குது."

"அப்படியா?"

"சட்டைப் பையில நீ சிரிக்கிற போட்டோவோட கார்டு இருக்குடா."

அதற்கு மேல் மறுக்க டெக்னிக்கலாக எனக்கு வழியில்லை.

கத்துவான்னு பார்த்தேன். மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கிட்டான். கட்டிலுக்கடியில் கிடந்த கவர்களைக் காலால் தள்ளிப் பார்த்தான். "முந்நூறு பேர் தூங்குற இடம்டா" என்றான். ஊர்ப் பேனலுக்கெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியவன் நான் அத்தான், நான் படுக்கிற இடத்துல நானே மணியை அடைச்சு வச்சிருக்கேன். அப்புறம், "இப்படி இருக்கேன்னு வீட்ல யாருக்காவது தெரியுமாடா?"ன்னு கேட்டான். எங்க அக்காவுக்குத் தெரியும்னேன். பொய். சரின்னுட்டு 305-க்குப் போயிட்டான். இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்கலை.

அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறாள். அடித்து ஓயும்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், பிறகு 'வேலையில் இருந்தேன்' என்று மெசேஜ் போடுவேன். எடுத்தால் குரலிலேயே பிடித்துவிடுவாள், புது வேலைக்கு லீவு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். எதற்கு? என்னால் சமாளிக்க முடியும். யாரும் வர வேண்டாம்.

குட்டிக்கு என் முத்தம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லாதீர்கள், ஏன் கேட்டான் என்று கிளறுவாள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: கிழிக்காதீங்க அத்தான். அக்காகிட்ட கொடுங்க. சமாளிக்க முடியும்னு எழுதினது முழுப் பொய். நான் செய்யப்போவது:

1. மனசு மாறுவதற்குள் இதைத் தபால் பெட்டியில் போடுவது.
2. நாளைக் காலை ஆலோசகருக்குப் போன் செய்து நேரம் கேட்பது.
3. இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தி வீரம் காட்டாமல் இருப்பது.
4. அக்கா கூப்பிட்டால் எடுப்பது. வாய் நிறைய ரொட்டி இருந்தாலும்.