கட்டிலுக்கு அடியில் முந்நூறு சோப்புப் பெட்டிகள்

பேரன்புள்ள மாமாவுக்கு,

உலகத்தார் அனைவருக்கும், குறிப்பாகத் தங்களுக்கும், இதனால் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை முதல் என் கட்டிலுக்கு அடியில் முந்நூறு சோப்புப் பெட்டிகள் குடியேறியுள்ளன. மற்றபடி அம்மா சுகம், அக்கா சுகம், நான் சனிக்கிழமை வரைக்கும் சுகம்.

அம்மா சமையலறையில் காய்ச்சும் சோப்பை முதல்முறையாக ஒரு கடைக்காரம்மா கேட்டிருக்கிறார். சனிக்கிழமை வந்து எடுத்துப் போவார். பெட்டியும் பார்க்க லட்சணமாக இருந்தால் மாதாமாதம் வாங்குவாராம். அன்றிலிருந்து அம்மா தூக்கத்தில்கூட சோப்பை எண்ணுகிறார். பெட்டியை வரைய ஆள் தேடலாம் என்றபோது, "நான் எதுக்கும்மா இருக்கேன்?" என்று கேட்டவன் அடியேன். அதற்கு அக்கா சொன்ன பதில் கடிதத்தில் எழுதத் தக்கதல்ல.

இன்று அம்மா எண்ணெய் வாங்கப் போன நேரத்தில் அச்சகத்திலிருந்து கட்டு வந்தது. கட்டைப் பிரித்தேன், உயிரும் கூடவே பிரிந்தது. கம்ப்யூட்டரில் மயில் கழுத்தாக மின்னிய நீலம், அட்டையில் நூறு தடவை துவைத்த பள்ளிக்கூட டவுசராக இருக்கிறது, சரி போகட்டும் என்று ஒன்றை மடித்தால், ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சும்மா கிடந்த பட்டையில் இடத்தை வீணாக்குவானேன் என்று அம்மாவின் போன் நம்பரைப் போட்டிருந்தேன் இல்லையா, அதுதான் பசை தடவும் இடமாம், நம்பர் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது, இனி அம்மாவோடு பேச நினைப்பவர் பெட்டியைக் கிழித்தாக வேண்டும், அதுவும் போகட்டும் என்று சோப்பை உள்ளே போட்டால், பெரிய பங்களாவில் ஒண்டியாகக் குடியிருப்பவர் மாதிரி அது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கடகடவென்று உலாவுகிறது. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன்.

அச்சகத்துக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தம்பி, கம்ப்யூட்டர்ல தெரியறது வெளிச்சம். அட்டையில இருக்கறது மை. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்றார். சோப்பை எப்போது அளந்தேன் என்று விசாரித்தார். அம்மா சோப்பு வார்க்கும் அச்சிலிருந்து எடுத்த அன்றைக்கே, சுடச்சுட, என்றேன் பெருமையாக. ஒரு மாதம் காய்ந்தால் சோப்பு சுருங்காதா என்று கேட்டார். சுருங்கியது சோப்பு, பழி மட்டும் எனக்கா? எல்லாம் சாக்குப்போக்கு மாமா.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் வந்து, அந்தக் கனத்த குரலில் அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும். அத்தனையையும் புதிதாக அடித்துத் தரட்டும். தங்கள் மருமகன் பிறவிக் கலைஞன், டிசைனில் கடுகளவும் பிழை கிடையாது. போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்பதால் அக்கா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசியைக் கொஞ்சம் தாராளமாகவே அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
(இருப்பது ஒரே மருமகன் என்பதை நினைவில் கொள்ளவும்)

பின்குறிப்பு: மாமா, சண்டைக்கு வர வேண்டாம். அச்சடிக்கும் முன்பே அவர் ஒரு மாதிரித்தாள் கொடுத்திருந்தார். வெட்டி, மடித்து, சோப்பை உள்ளே வைத்துப் பார்த்து, எல்லாம் சரி என்றால் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் மடிக்கவே இல்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் முறுக்கு மீசை வைத்த பூனை ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டேன். இன்று அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்து, "இந்தப் பூனை யாரு தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். பிறகு அவரே வழியும் சொன்னார்: சோப்பைத் தாளில் சுற்றிப் போட்டால் ஆடாது, நம்பரை வெளியே கையால் எழுதிவிடலாம். என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், அத்தையின் எழுத்து முத்து முத்தாக இருக்கும், அவரையும் அழைத்து வாருங்கள். அம்மாவிடம் உண்மையை நானே தைரியமாகச் சொல்லிவிடுவேன், நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு.