முழு ஆதரவுக்காரர்

வாசகரே, எதிர்ப்பவர்களை எப்படியும் சமாளித்துவிடலாம். ஆதரிப்பவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அவர்களிலும் ‘முழு ஆதரவுக்காரர்’ என்று ஓர் இனம் உண்டு. அயர்லாந்தில் எங்கள் ஊருக்கு வாய்த்தவர் ஃபெர்கல் கார்வி, பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர். ஊருக்குள் பாலம் வேண்டும் என்று போனால் முகம் மலர்ந்து தலையாட்டுவார். பாலமே கூடாது என்று அடுத்த கூட்டம் போனாலும் அதே மலர்ச்சியோடு அதே தலையை ஆட்டி, வாசல்வரை வந்து கை குலுக்கி, காரில் ஏறும்வரை கையசைத்து வழியனுப்புவார். கையெழுத்து மட்டும் போடமாட்டார்.

என் பக்கத்து வீட்டு பிரீட் மல்க்வீன் அவரிடம் போனது மகள் ஈஃபாவுக்காக. ஈஃபாவுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். பள்ளி நடக்கும்போது தானே உடுத்துவாள், தானே சாப்பிடுவாள். போன கோடையில் இரண்டு மாதம் பள்ளி மூடிக் கிடந்ததில் அத்தனையும் மறந்துபோனது. திரும்பப் பழக்க கிறிஸ்துமஸ்வரை ஆயிற்று. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு நடத்தப் பணம் தர அரசாங்கம் தயார். சொல்லிக்கொடுக்க ஓர்லா டீச்சர் தயார். விண்ணப்பத்தில் பக்கத்துக்கு ஒன்றாகத் தலைவர் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்தோடு கெடு முடிகிறது.

"அடடா, எப்பேர்ப்பட்ட காரியம்! என் முழு ஆதரவு உண்டு, பிரீட் கண்ணு."

"அப்போ இங்க ஒரு கையெழுத்து."

"போடாம இருப்பேனா? ஆனா அவசரத்துல போடலாமா? பிள்ளைங்க எதிர்காலமாச்சே! யாராவது கீழ விழுந்து அடிபட்டா?"

"வீட்டுல விழுந்தா அடிபடாதா, ஃபெர்கல்?"

"பாத்தியா, எவ்வளவு ஆழமா யோசிக்கிற! இதுக்கு ஒரு துணைக்குழு போட்டே ஆகணும்."

போட்டார். திங்கட்கிழமை துணைக்குழு கூடி, ஸ்கோன் ரொட்டி தின்று, டீ குடித்து, விஷயம் மிக முக்கியமானது என்று ஒருமனதாகக் கண்டுபிடித்துக் கலைந்தது. செவ்வாயன்று தலைவர் முன்பின் தெரியாத ஒருவருடைய சவ அடக்கத்தில் வரிசையில் நின்றார். புதன்கிழமை ஹர்லிங் மட்டைப்பந்து ஆட்டம். வியாழக்கிழமை கண்ணாடியைக் காணோம். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. அதைச் சொன்னதும், "இது தூரத்துக் கண்ணாடிம்மா" என்றார்.

வெள்ளி காலை பிரீட் பள்ளி வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை என்றுதான் என்னிடம் சொன்னாள். மூக்கு என்னவோ சிவந்திருந்தது. திடீரென்று மூக்கைச் சிந்திவிட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போன் செய்தாள். அடுத்து ஃபெர்கலுக்கு.

"பத்திரிகைக்காரர் வர்றார், ஃபெர்கல். கோடை வகுப்புப் பத்தி உங்களை ஒரு போட்டோ..."

அடக்கமாவது, ஆட்டமாவது! எட்டே நிமிடத்தில், ஈரத் தலையை வாரிக்கொண்டு, பச்சை டையோடு வந்து நின்றார்.

"கையெழுத்துப் போடற மாதிரி ஒண்ணு எடுக்கலாமா, சார்?" என்றார் புகைப்படக்காரர்.

"மாதிரி எதுக்குய்யா? நிஜமாவே போடறேன், எடு!"

போட்டார். முகவாயைத் தூக்கி, பிரீட் நீட்டிய விண்ணப்பத்தில் ஒன்று, முகம் சரியாக விழவில்லை என்று அடுத்த பக்கத்தில் ஒன்று, பள்ளிப் பெயர்ப்பலகை தெரியும்படி கடைசிப் பக்கத்திலும் ஒன்று. விண்ணப்பத்துக்கு வேண்டியது அந்த மூன்றும்தான். மை காய்வதற்குள் பிரீட் காகிதங்களை உருவிக்கொண்டு அலுவலக அறைக்கு ஓடினாள்.

"ஏய் பிரீட்! அது போட்டோவுக்குத்தானே!"

"உங்க ஆதரவு வீணாகக் கூடாது பாருங்க!"

ஸ்கேன் செய்து அனுப்பியபோது பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் பாக்கி. பிரீட்டும் ஓர்லா டீச்சரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நடைவழியில் குதித்த குதியில் ஒரு செருப்பு எங்கோ பறந்தது. ஃபெர்கலும் கூடச் சேர்ந்து கைதட்டினார். ஏனென்று அவருக்கே தெரியாது.

ஜூலையில் பதினோரு பிள்ளைகளோடு வகுப்பு தொடங்கியது. தொடக்க உரை யார்? வேறு யார்! இந்த வகுப்புக்காகத் தன்னந்தனியாகப் போராடிய கதையை அவர் நாற்பது நிமிடம் சொன்னார். சொல்லி முடித்திருக்கவும் மாட்டார். ஈஃபா எழுந்து மேடைக்குப் போய், வேலை முடிந்தால் காட்ட டீச்சர் கொடுத்திருந்த ‘முடிந்தது’ அட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஊரே சிரித்தது. இந்தத் தடவை கண்ணாடி நன்றாகவே வேலை செய்தது, படித்தார், உட்கார்ந்தார். செப்டம்பரில் ஈஃபா எதையும் மறக்காமல் பள்ளிக்குப் போனாள்.

நன்றாகச் சிரித்தீர்களா, வாசகரே? உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளையும் தூக்கமில்லாத ஓர் அம்மாவும் இருப்பார்கள். "ஏதாவது உதவி வேணும்னா கூச்சப்படாம கேளுங்க" என்று நீங்களும் மனதாரச் சொல்லியிருப்பீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள்?